பி.எஸ்சி.யோடு நின்றால் என்ன வேலை?



போன மாதச் சுவரிதழில் "பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம்?" என்று ஒரு தாள் வந்தது. மருத்துவத்துக்குப் பாதித் தாள், பொறியியலுக்குப் பாதித் தாள். கீழே ஒரு ஓரத்தில், "பி.எஸ்சி. தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் போன்றவையும் உண்டு. எம்.எஸ்சி. வரை படித்தால் நல்லது" என்று ஒரே வரி. எழுதிய நண்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கணக்குப் பிரிவு. ஆனால் எங்கள் பிரிவில் பலபேர் அந்த ஒரே வரிக்குள்தான் வந்து சேரப் போகிறோம். நீட் எழுதுகிற எல்லோருக்கும் சீட் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சத்தமா சொல்றதில்லை, அவ்வளவுதான்.

அதனால் அந்த ஒரு வரியை விரித்து எழுதுகிறேன் என்று தமிழ் ஐயாவிடம் கேட்டேன். இந்த முறை எனக்கு மூன்று தாள் ஒதுக்கியிருக்கிறார்கள். கையெழுத்து சிறியதாக இருக்கும், கொஞ்சம் கிட்ட வந்து படியுங்கள்.

எம்.எஸ்சி. படித்தால் நல்லதா என்று கேட்டால், நல்லதுதான். படிக்க முடிந்தவர்கள் படிக்கட்டும். என் கேள்வி படிக்க முடியாதவர்களைப் பற்றியது. என் அக்கா பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்தபோது அப்பா, "இன்னும் ரெண்டு வருஷம் என்னால இழுக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார். அடுத்து நானும் படிக்க வேண்டும் அல்லவா? அன்றைக்கு அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்ன ஒரே வசனம்: "எம்.எஸ்சி. இல்லேன்னா பி.எஸ்சி. வேஸ்ட்." அது உண்மையா என்று அக்கா ஒரு வருடம் அலைந்து தெரிந்துகொண்டாள். அவள் அலைந்ததையும், நான் நூலகத்திலும் வேலை அறிவிப்புகளிலும் படித்ததையும் சேர்த்துத்தான் இது.

முதலில் ஒரு விஷயம். இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் போதும் என்பதால் பச்சை ஸ்கெட்சில் எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு அரசு வேலை அறிவிப்பிலும் "கல்வித் தகுதி" என்று ஒரு பத்தி இருக்கும். அதில் சில இடத்தில் "ஏதேனும் ஒரு பட்டம்" என்று இருக்கும். சில இடத்தில் பட்டத்தின் பெயரைப் போட்டே கேட்பார்கள். பெயர் போட்டுக் கேட்கிற இடத்தில், நீங்கள் அந்தப் பாடத்தை எவ்வளவு நன்றாகப் படித்தீர்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே பி.எஸ்சி.யோடு நிற்கப் போகிறவர்களுக்கு, எந்தப் பெயரில் பி.எஸ்சி. என்பதுதான் பெரிய விஷயம். எம்.எஸ்சி. போகிறவர்கள் பாதியில் கொஞ்சம் திரும்பிக்கொள்ளலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

உதாரணம் சொன்னால் புரியும்.

இந்திய வனப் பணி. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போல மூன்றாவது அகில இந்தியப் பணி இது. யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.ஸுக்கும் இதற்கும் ஒன்றுதான், 2013-இலிருந்து அப்படி. எம்.எஸ்சி. தேவையே இல்லை. ஆனால் பட்டத்தில் சில பாடங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும்: தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் என்ற பெயர்கள் இதில் இல்லை. அக்கா சின்ன வயதிலிருந்து காடு காடு என்பாள். அவள் பட்டத்தின் பெயர் இதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது மூன்றாம் வருடத்தில்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர். ஹோட்டலில், கடையில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிற அதிகாரி. கலப்படம் என்று செய்தி வரும்போது நாம் பார்ப்போமே, அவர்கள்தான். இதற்கான தகுதியை மத்திய அரசின் 2011-ஆம் வருட உணவுப் பாதுகாப்பு விதிகள் வகுத்தன. அந்தப் பட்டியலில் உணவுத் தொழில்நுட்பம், பால் தொழில்நுட்பம், எண்ணெய்த் தொழில்நுட்பம், வேளாண்மை, கால்நடை அறிவியல், மருத்துவம் ஆகியவற்றோடு உயிரித் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் மூன்றுக்கும் இளநிலைப் பட்டமே போதும். வேடிக்கை என்னவென்றால், வேதியியல் படித்தவர்கள் மட்டும் முதுநிலை முடித்திருக்க வேண்டும்! அதாவது எம்.எஸ்சி. வேதியியல் படித்தவரும் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் படித்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் தாவரவியலும் விலங்கியலும் கிடையாது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2021-இல் இந்தப் பதவிக்கு ஆள் எடுத்தது. அடிக்கடி வருகிற அறிவிப்பு அல்ல. வரும்போது தகுதிப் பத்தியை மறுபடியும் படித்துக்கொள்ள வேண்டும், விதிகள் திருத்தப்படலாம்.

ஆக, காட்டுக்குப் போகிற கதவு தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் திறக்கிறது. உணவுச் சோதனைக் கதவு நுண்ணுயிரியலுக்குத் திறக்கிறது. எல்லாம் "உயிரியல்"தான், எல்லாம் மூன்று வருடம்தான். ஆனால் மே மாதம் விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது. விண்ணப்பம் நிரப்புகிற இடத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை. "மைக்ரோ நல்ல ஸ்கோப்" என்கிறார்கள். ஸ்கோப் என்றால் என்ன என்று கேட்டால் பதில் வராது.

வனப் பணி பற்றி இன்னொன்று. நேர்முகத் தேர்வு வரை போனாலும் ஒரு நடைத் தேர்வு இருக்கிறது. ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் அதே நேரத்தில் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பி.டி. பீரியடில் புளியமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிறவர்கள் கவனிக்கவும். தேர்வானால் பயிற்சி டேராடூனில். இந்த அளவு பெரிய தேர்வு வேண்டாம் என்றால், நம் மாநில வனத்துறையின் வனப் பயிற்சியாளர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. பட்டதாரிகளை எடுக்கிறது. அதற்கும் பாடப் பட்டியல் உண்டு. தாவரவியலும் விலங்கியலும் அதில் இருக்கின்றன.

அடுத்து ஆசிரியர் வேலை. நம்மில் நிறையப் பேருக்கு, முக்கியமா பெண்களுக்கு, வீட்டில் முதலில் சொல்வது இதுதான். பி.எஸ்சி. முடித்துப் பி.எட். படித்தால் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை எடுக்கிற பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். நமக்குப் பிளஸ் டூ எடுக்கிறவர்கள் முதுகலை ஆசிரியர்கள். அதற்கு எம்.எஸ்சி.யும் வேண்டும். பி.எட். முன்பு ஒரு வருடம். 2015-இலிருந்து இரண்டு வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எம்.எஸ்சி.க்கும் இரண்டு வருடம், பி.எட்.டுக்கும் இரண்டு வருடம்! "எம்.எஸ்சி. படிக்க வைக்கக் காசில்லை, பி.எட். படி" என்று சொல்கிற வீட்டில் இதை மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். பி.எட். முடித்தாலும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் எழுத வேண்டும், 150 கேள்வி. அதில் தேறினாலும் வேலை கையில் வராது. அரசுப் பள்ளி நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு உண்டு. 2024 பிப்ரவரியில் நடந்தது அதுதான்.

இங்கேயும் பெயர்ப் பிரச்சினை வருகிறது. பள்ளிக்கூடத்தில் கேட்பது தாவரவியல் அல்லது விலங்கியல். சில கல்லூரிகள் புதுப்புதுப் பெயரில் பட்டம் வைத்திருக்கின்றன, கேட்க ஜோராக இருக்கும். அந்தப் பட்டம் தாவரவியலுக்கு இணையா, விலங்கியலுக்கு இணையா என்று உயர்கல்வித் துறை அரசாணை போடும். இணை என்றும் வரும், இணை இல்லை என்றும் வரும். "இணை இல்லை" என்று வந்தால் படித்தவர் கதி? ஆகவே பெயர் புதிதாக இருந்தால், சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில், "இதற்கு இணைத்தன்மை அரசாணை இருக்கா?" என்று கேளுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

தமிழ்வழியில் படிக்கிற நண்பர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. மாநில அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-இல் சட்டம் வந்தது. 2020-இல் திருத்தினார்கள். பட்டப்படிப்பைக் கேட்கிற வேலை என்றால், ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அந்த முன்னுரிமை. அரசுக் கலைக் கல்லூரிகளில் தாவரவியலும் விலங்கியலும் தமிழ்வழியில் இருக்கின்றன. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு, மானம் போய்விடும் என்று கடைசி மூன்று வருடம் மட்டும் ஆங்கிலவழியில் சேருகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். தனியார் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலவழி உதவும், அது வேறு. இரண்டு பக்கமும் பார்த்து முடிவெடுங்கள். தெரியாமல் விடாதீர்கள்.

"ஏதேனும் ஒரு பட்டம்" வகையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, குரூப் 2-ஏ. வங்கித் தேர்வுகள். மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வு. ஐ.ஏ.எஸ். ராணுவ அதிகாரி ஆவதற்கான தேர்வு. இதற்கெல்லாம் பி.காம். படித்தவரும் நாமும் ஒன்று. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். இந்த வரிசையில் போவதாக முடிவு செய்துவிட்டால், எந்தப் பி.எஸ்சி. என்பது அவ்வளவு முக்கியமில்லை. வீட்டுக்குப் பக்கத்தில், கட்டணம் குறைவாக, படிக்க நேரம் கிடைக்கிற கல்லூரியாகப் பாருங்கள். இது என் சொந்தக் கருத்து, ஆசிரியர்கள் மாற்றுக் கருத்து சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

மூடிய கதவுகளையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். பி.எஸ்சி. தாவரவியல் படித்து வேளாண் அலுவலர் ஆக முடியாது, அதற்கு பி.எஸ்சி. வேளாண்மை வேண்டும், அது நான்கு வருடப் படிப்பு. பி.எஸ்சி. உயிர்வேதியியல் படித்து மருந்தாளுநர் ஆக முடியாது. 1948-ஆம் வருட மருந்தியல் சட்டப்படி அதற்கு டி.பார்ம். அல்லது பி.பார்ம். படித்துப் பதிவு செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் ஆய்வக நுட்புநர் வேலைக்கு டி.எம்.எல்.டி. கேட்கிறார்கள். பி.எஸ்சி. நுண்ணுயிரியல் படித்தவருக்கு ரத்தப் பரிசோதனை பற்றி நிறையத் தெரிந்திருக்கலாம், ஆனால் அந்தப் பட்டம் அங்கே செல்லாது. ஆஸ்பத்திரி ஆய்வகம்தான் ஆசை என்றால், பிளஸ் டூ முடித்ததுமே அந்தப் படிப்பில் நேராகச் சேருவதே நல்லது.

இனி தனியார் வேலை. அக்கா இப்போது ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருக்கிறாள். ஊசி மருந்து தயாரிக்கிற இடம். பி.எஸ்சி. நுண்ணுயிரியல் என்ற பெயருக்கே கிடைத்த வேலை. அவள் சொன்னதைக் கேட்டபோது நம் பாடப் புத்தகம் உயிரோடு எழுந்து நடக்கிற மாதிரி இருந்தது.

மருந்து நிரப்புகிற அறைக்குள் போவதற்கு முன் உடை மாற்ற வேண்டும். பூ, பொட்டு, வளையல், நகப்பூச்சு எதுவும் கூடாது. தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடை, கண்ணுக்குக் கண்ணாடி. நம் தோலிலிருந்தே கிருமி உதிர்கிறது என்பதால்தான் இத்தனையும். அந்த அறையில் ஊட்ட அகார் ஊற்றிய பெட்ரி தட்டுகளைத் திறந்து வைப்பார்கள். காற்றில் ஏதாவது கிருமி இருந்தால் தட்டில் விழும். அடைகாப்பானில் வைத்தால் புள்ளி புள்ளியாக வளரும். புள்ளி வந்தால் எங்கிருந்து வந்தது என்று பெரிய விசாரணை. தயாரான மருந்தில் கிருமி இல்லை என்று உறுதி செய்ய இரண்டு வகை வளர்ப்பு ஊடகத்தில் போட்டு 14 நாள் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று 30 முதல் 35 டிகிரி செல்சியஸ், இன்னொன்று 20 முதல் 25 டிகிரி. பதினான்காம் நாள் வரை கலங்காமல் தெளிவாக இருந்தால்தான் மருந்து வெளியே போகும்.

இன்னொரு சோதனை இருக்கிறது. பாக்டீரியா செத்துப்போனாலும் அதன் செல் சுவரிலிருந்து வரும் நச்சு மருந்தில் இருந்தால் நோயாளிக்குக் குளிர்காய்ச்சல் வரும். அதைக் கண்டுபிடிக்கிற பொருளைக் குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். அந்த ரத்தம் நீல நிறம். ஏன் நீலம் என்று விலங்கியல் வகுப்பில் கேட்டுப் பாருங்கள் (தாமிரம் என்று தொடங்குவார் சார்).

"இதெல்லாம் மெஷின் பண்ற வேலைதானே?" என்று ஒருவர் அக்காவைக் கேட்டாராம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. நுண்ணுயிரியல் பக்கம் இல்லை அது, வேதியியல் பக்கத்துச் சோதனையில் பிடித்திருக்க வேண்டியது. சோதனையை ஒழுங்காகச் செய்து, வந்த எண்ணை அப்படியே எழுதுகிற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பி.எஸ்சி. பட்டதாரிதான். அக்காவின் ஆய்வகக் குறிப்பேட்டில் ஒயிட்னர் போடக் கூடாது, அடித்தால் ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி. நம் ரெக்கார்டு நோட்டில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து ரீடிங் எழுதுகிறோமே, அது அங்கே செய்தால் வேலை போய்விடும்.

கஷ்டமும் இருக்கிறது. மூன்று ஷிப்ட். ஆரம்பச் சம்பளம் குறைவு. விடுதி வாடகை, சாப்பாடு போக அக்கா வீட்டுக்கு அனுப்புவது கொஞ்சம்தான். அனுபவம் இரண்டு மூன்று வருடம் சேர்ந்த பிறகுதான் நல்ல இடத்துக்கு மாற முடியும் என்கிறாள். இந்த வேலைகள் எங்கே இருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். சென்னைக்கு அருகே ஆலத்தூர், புதுச்சேரி, ஓசூர், பெங்களூரு, ஹைதராபாத். நம் ஊரில் இருந்துகொண்டே செய்ய முடியாது. பெண் பிள்ளையை அனுப்புவதா என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது. கடைசியில் அப்பாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விடுதியில் விட்டுவிட்டு வந்தார்.

அக்காவோடு படித்த நான்கு பேர் மெடிக்கல் கோடிங் போய்விட்டார்கள். சென்னையில் இது பெரிய தொழில். நிறையப் பேர் சொல்கிறார்கள், ஆனால் என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்பார்கள். விஷயம் இதுதான். அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் பணம் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். அதற்கு டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஒரு குறியீடு, செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடு என்று மாற்றித் தர வேண்டும். 2015 அக்டோபரிலிருந்து அங்கே ஐ.சி.டி.-10 என்ற தொகுதியைப் பயன்படுத்துகிறார்கள். நோய்க் குறியீடுகள் மட்டும் சுமார் 70,000. ஈ 11.9 என்றால் சிக்கல் எதுவும் இல்லாத இரண்டாம் வகை சர்க்கரை நோய். டி 63.04 என்று தொடங்கினால் நாகப்பாம்பின் நஞ்சு. திமிங்கலக் குடும்பத்து ஓர்கா கடித்தால்கூட ஒரு எண் இருக்கிறது, டபிள்யூ 56.21! வலது கை முறிந்ததா இடது கை முறிந்ததா, முதல் தடவை வந்தாரா, மறுபடி வந்தாரா, எல்லாவற்றுக்கும் எண் மாறும், கடைசி எழுத்து மாறும்.

இங்கேதான் உயிரியல் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். ஆர எலும்பு எது, அல்னா எது என்று தெரியாதவர் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. இந்த இடத்தில் தாவரவியலா, நுண்ணுயிரியலா என்ற பெயர்ச் சண்டை அவ்வளவாக இல்லை. உயிர் அறிவியல் பட்டம் என்றாலே கூப்பிடுகிறார்கள். ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சி.பி.சி. தேர்வில் தேறினால் மதிப்பு கூடும். 100 கேள்வி, நான்கு மணி நேரம், 70 சதவீதம் எடுக்க வேண்டும். குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். பார்த்து எழுதுகிற தேர்வு என்று சந்தோஷப்பட வேண்டாம், 100 கேள்விக்கும் பக்கம் புரட்டினால் நேரம் போய்விடும்.

எனக்கு இந்த வேலையில் ஒரு சந்தேகம் உண்டு. நாள் முழுக்கத் திரையைப் பார்க்க வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை என்று இலக்கு இருக்கும். கணினியே குறியீட்டைப் பரிந்துரைக்கிற மென்பொருள்களும் பெருகி வருகின்றன. எளிய குறிப்புகளை இயந்திரம் பார்த்துக்கொண்டால், மனிதர்களுக்குச் சிக்கலானவையும் சரிபார்க்கிற வேலையும்தான் மிஞ்சும். போகிறவர்கள் அதற்குத் தயாராகப் போக வேண்டும். ஆறு மாதத்தில் ஒரு வேலை, கையில் சம்பளம் என்ற நிலைமை இருக்கிற வீட்டுக்கு இது இன்னும் நல்ல கதவுதான்.

மெடிக்கல் ரெப் வேலை பற்றி அதிகம் எழுத எனக்கு ஆசை இல்லை. அறிவியல் பட்டம் போதும், வண்டி ஓட்டத் தெரிய வேண்டும், டாக்டர் அறைக்கு வெளியே மணிக்கணக்கில் நிற்கத் தெரிய வேண்டும். நன்றாகப் பேசுகிறவர்கள் அதில் முன்னேறிவிடுகிறார்கள். நம் வகுப்பில் யார் யார் போகலாம் என்று எனக்குத் தெரியும், பெயர் எழுதினால் அடிக்க வருவார்கள்.

ஆராய்ச்சி ஆசை இருக்கிறவர்கள் எம்.எஸ்சி. இல்லாமல் ஆய்வகத்துக்குள்ளேயே நுழைய முடியாது என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசு பணம் தருகிற ஆராய்ச்சித் திட்டங்களில் திட்ட உதவியாளர் என்று ஒரு இடம் உண்டு. 2020 ஜனவரியில் அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட ஆணையில் அதற்குத் தகுதி பி.எஸ்சி. அல்லது மூன்று வருடப் பொறியியல் டிப்ளமோ, மாதம் 20,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப் படி என்று வகுத்தார்கள். நிரந்தர வேலை கிடையாது. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் தங்கள் இணையப் பக்கத்தில்தான் அறிவிக்கும், பேப்பரில் பெரும்பாலும் வராது. அதேபோல் தொழில் பழகுநர் பயிற்சி. என்ஜினீயர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கும் உண்டு. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019 விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய். பணம் கட்டிப் பயிற்சி எடுப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பணம் கட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. அக்கா வேலை தேடிய காலத்தில் ஒரு பயிற்சி மையத்தில், ஆறு மாத கிளினிக்கல் ரிசர்ச் டிப்ளமோ, நூறு சதவீதம் வேலை என்று சொல்லி அறுபதாயிரம் கேட்டார்கள். அப்பா நகையை வைக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "போன பேட்ச்ல படிச்சவங்க நாலு பேர்கிட்ட நான் பேசலாமா?" அதற்குப் பிறகு அங்கிருந்து போன் வரவே இல்லை. மருந்துச் சோதனைத் திட்டங்களில் ஒருங்கிணைப்பாளர் வேலை உண்மையிலேயே இருக்கிறது, பி.எஸ்சி. படித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாலு பேரைக் காட்ட முடியாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

யாருமே சொல்லாத ஒரு கதவு இருக்கிறது, காப்புரிமை முகவர். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு உரிமை வாங்கித் தருகிறவர். வக்கீல் படிப்பு வேண்டாம். 1970-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின்படி இந்தியக் குடிமகனாக, 21 வயது நிரம்பியவராக, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றவராக இருந்து, முகவர் தேர்வில் தேற வேண்டும். தலா 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு எழுத்துத் தாள், பிறகு வாய்மொழித் தேர்வு. எந்த பி.எஸ்சி.யும் செல்லும்! தேர்வு எல்லா வருடமும் நடப்பதில்லை, நடக்கும்போது பிடிக்க வேண்டும். தென் மாநிலங்களுக்கான காப்புரிமை அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது. மஞ்சள் கதை தெரியுமா? மஞ்சள்பொடி காயத்தை ஆற்றும் என்று 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்து மருத்துவ மையம் காப்புரிமை வாங்கிவிட்டது. நம் பாட்டி வைத்தியத்துக்கு அவர்கள் உரிமை! நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டி வாதாடி, 1997-இல் அது ரத்தானது. அப்படி ஆதாரம் தேடுவதற்கு உயிரியலும் தெரிய வேண்டும், சட்டமும் தெரிய வேண்டும். அந்த இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு.

வீட்டிலேயே தொழில் தொடங்க நினைப்பவர்களுக்குக் காளான். வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்ப்பதைப் பலபேர் செய்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் காளான் வித்து வேண்டும். சோளத்தை அரைவேக்காடாக வேக வைத்து, கால்சியம் கார்பனேட் கலந்து, பையில் அடைத்து, அழுத்தக் கொப்பரையில் கிருமி நீக்கி, தூய வளர்ப்பிலிருந்து ஒரு துண்டை உள்ளே வைத்து வளர்ப்பதுதான் வித்து. ஒரு பச்சைப் பூஞ்சைப் புள்ளி உள்ளே புகுந்தால் பை முழுக்கக் குப்பை. வளர்ப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம், வித்து தயாரிப்பதற்குக் கிருமி நீக்கப் பழக்கம் உள்ள கை வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும், மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் காளான் பயிற்சி தருகிறார்கள். விலங்கியல்காரர்களுக்கு அலங்கார மீன். சென்னை கொளத்தூரில் ஒரு பகுதியே அதை நம்பித்தான் இருக்கிறது.

மூன்று தாளும் முடிகிறது. இதுவரை நான் சேர்த்த அறிவிப்புகளில் "கல்வித் தகுதி" பத்தியை மட்டும் வெட்டி, பழைய அட்டென்டன்ஸ் நோட்டு ஒன்றில் ஒட்டி, நூலகத்தில் அறிவியல் அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் என்று ஐந்து பகுதி. மே மாதம் விண்ணப்பம் போடும் முன் உங்கள் பாடத்தின் பகுதியை ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். புது அறிவிப்பு கண்ணில் பட்டால் தேதியோடு வெட்டிக் கொண்டுவந்து தாருங்கள், ஒட்டிவிடுகிறேன். நோட்டில் வனப் பணிப் பக்கத்தைப் போன வாரம் யாரோ கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். 25 கிலோமீட்டர் நடக்கப் போகிறவர் யாராக இருந்தாலும், நகல் எடுத்துக்கொண்டு அதைத் திருப்பி ஒட்டிவிடவும்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, உயிரியல் பிரிவு